நேரம் முடிந்தது என்று நீ சொல்லவில்லை

ஆக்ஸ்ஃபோர்டு, கொக்கு விடுதி
1338 ஜனவரி 14, புனித ஹிலாரி திருநாளுக்கு மறுநாள்

ஹாமோவுக்கு,

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். தவக்கால வாதத்துக்கு ஆசான் ஜெர்வாஸ் உன்னை விட்டுவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்ததில் உனக்குக் கோபம் என்பது விடுதிப் பூனைக்குக்கூடத் தெரியும். கோபப்பட உனக்கு உரிமை உண்டு. போகிற போக்கில் என்னைத் திருடனாக்கிவிட்டுப் போக உரிமை கிடையாது.

நீ கிளம்பிய அன்று காலை புத்தகப் பெட்டியைத் திறந்தார்கள். மறைந்த பெரிய ஆசானின் புதிர் நூல் அங்கே இல்லை. உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தன்னையே பொய் என்று சொல்லிக்கொள்ளும் வாக்கியம் மெய்யா, பொய்யா என்று நாம் இரண்டு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தோமே, அதற்கான விடை அதன் கடைசி ஏட்டில் இருக்கிறது என்பார்கள். தவக்காலம் வரை யாரும் தொடக்கூடாது என்று ஆசான் பூட்டி வைத்திருந்த நூல் அது.

முந்தின நாள் கூடத்தில் நாம் ஆடிய கட்டு வாதம் நினைவிருக்கும். நீ எதிர்வாதி. "புதிர் நூலைத் திருடியவன் துர்ஸ்டன்", அதாவது நான், என்பது நீ எனக்குப் போட்ட கட்டு. பொய் என்று தெரிந்தே அதை மெய்யென ஏற்று, நீ கேட்ட அத்தனை கேள்விக்கும் முன்னுக்குப் பின் முரணில்லாமல் பதில் சொன்னேன். உன்னால் என்னை ஒரு இடத்திலும் மடக்க முடியவில்லை. பிறகு மணி அடித்தது. எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள், நீயும் எழுந்தாய். "நேரம் முடிந்தது" என்று நீ சொல்லவில்லை.

கஞ்சி மேசையில் ஐவோ எனக்கு எதிரே உட்கார்ந்தான். சட்டம் படிக்க வந்துவிட்டு இடம் கிடைக்காமல் நம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிறானே, அவன்தான். பட்டாணிக் கஞ்சியை ஊதிக்கொண்டே, "ஏம்ப்பா, நெசமாவே நீதான் அந்தப் புஸ்தகத்தை எடுத்தியா?" என்று கேட்டான். நான் என்ன செய்ய? எதிர்வாதி தன் வாயால் முடித்துவைக்கும் வரை கட்டு நிற்கும். வேறு விடுதிக்காரன் மணிச் சத்தத்தோடு அவிழ்த்துக்கொள்வான். நான் கொக்கு விடுதிக்காரன். "ஆமா, நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிட்டேன்.

மறுநாள் பெட்டி காலி. ஐவோ தன் மெழுகுப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆசானிடம் ஓடினான். கூடத்தில் நான் சொன்ன பதில்களையும் கஞ்சி மேசையில் சொன்னதையும் ஒன்றுவிடாமல் கீறி வைத்திருக்கிறான்.

"விளையாட்டு மணியோட முடிஞ்சிடுச்சுன்னா, கஞ்சி மேசையில நீ சொன்னது ஒப்புதல் வாக்குமூலம்" என்றார் ஆசான். "முடியலைன்னா அதுக்கு மதிப்பே இல்ல. முடிஞ்சுதா, இல்லையா? போட்டவன்தான் சொல்லணும்." என்னை ஒரே ஒரு வாக்கியம் சத்தியம் செய்து சொல்லச் சொன்னார். "ஹாமோ எழுதி அனுப்புவது மெய்" என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. நான் எடுக்கவில்லை என்றுகூட இதுவரை சொல்லவில்லை, ஏனென்றால் நீ இன்னும் கட்டை அவிழ்க்கவில்லை.

ஆகவே உனக்குத் தெரிந்தது முழுவதையும் உன் கைப்பட, சத்தியத்தோடு எழுதி ஆசானுக்கு அனுப்பு. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்குள் இது தீராவிட்டால் என்னை விடுதியை விட்டும் பல்கலைக்கழகத்தை விட்டும் அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பயமில்லை. இரண்டு வரி எழுத உனக்கு எவ்வளவு நேரமாகும்?

துர்ஸ்டன்

*

கிரிம்ஸ்பி
ஜனவரி 24

துர்ஸ்டனுக்கு,

ஆசானுக்கு முத்திரையிட்டு ஒரு தாள் அனுப்பியிருக்கிறேன். இதைக் கொண்டுவரும் மீன் வண்டிக்காரனே அதையும் கொடுப்பான். கருவாட்டு நாற்றத்துக்கு நான் பொறுப்பில்லை.

கோபித்துக்கொண்டு வந்தேன் என்று நீ எழுதியதை ஒப்புக்கொள்கிறேன். வாதத்தில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை. நீ சத்தமாகப் பேசுகிறாய், அவ்வளவுதான்.

இங்கே கடல் காற்றில் மை உறைகிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஈஸ்டர் முதல் இலக்கணம் கற்பிக்கச் சித்தப்பா எனக்கு இடம் பிடித்துவிட்டார். ஊரில் எல்லோரும் இப்போதே என்னை 'வாத்தியார்' என்கிறார்கள். மீன் விற்பவள்கூட ஒரு மீன் கூடப் போடுகிறாள். மனசுக்கு ஒருமாதிரி இருக்கிறது.

நீ கட்டிலேயே நின்று "ஆமா" என்றாய் என்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஹாமோ

*

கொக்கு விடுதி
பிப்ரவரி 3, மெழுகுவர்த்தித் திருநாளுக்கு மறுநாள்

ஹாமோ,

உன் தாள் வந்தது. கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஆசான் பிரித்துப் படித்தார். அதில் இருந்த ஒரே வாக்கியத்தை உனக்கே திருப்பி எழுதுகிறேன், கண் குளிரப் பார்த்துக்கொள்: "மணி அடித்த பிறகு இந்த விஷயத்தில் துர்ஸ்டன் சொன்ன எதுவும் மெய்யல்ல."

முதலில் பையன்கள் கைதட்டினார்கள். "எடுத்தேன்னு சொன்னது பொய்யாம், விடுங்கடா" என்று யாரோ ஒருவன் என் முதுகில் தட்டினான். எனக்கும் ஒரு நொடி நிம்மதி. பிறகு ஐவோ எழுந்தான். சட்டக்காரனுக்குத் தர்க்கம் வராது என்று நாம் கேலி செய்வோமே. அவன் விரல்விட்டு எண்ணியதைக் கேள்.

"மணிக்கப்புறம் இவன் ரெண்டே விஷயந்தான் சொல்லியிருக்கான். ஒண்ணு, 'நான்தான் எடுத்தேன்.' ரெண்டு, 'ஹாமோ எழுதுறது மெய்.' சரிங்களா ஐயா? ஹாமோவோட தாள் மெய்ன்னு வெச்சுக்குவோம். அப்ப ரெண்டுமே பொய். ரெண்டாவது பொய்ன்னா, ஹாமோ எழுதினது மெய் இல்ல. மெய்ன்னு ஆரம்பிச்சு மெய் இல்லன்னு முடியுது. அதனால தாள் மெய்யா இருக்கவே முடியாது. பொய்தான்."

"சரி" என்றார் ஆசான்.

"தாள் பொய்ன்னா, இவன் சொன்ன ரெண்டுல ஒண்ணாவது மெய்யாயிருக்கணும். 'ஹாமோ எழுதுறது மெய்'ங்கிறது மெய்யில்ல, தாளே பொய்யாச்சே. மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. 'நான்தான் எடுத்தேன்.' அதுதான் மெய்."

பெட்டியைப் பார்க்காமல், ஒரு சாட்சியைக் கேட்காமல், நீ எழுதிய ஒரு வரியை வைத்து என்னைத் திருடன் என்று நிரூபித்துவிட்டான். நானே ரசித்தேன் என்றால் பார்த்துக்கொள்.

இதில் இன்னொரு வேடிக்கை. இப்படித் தன் வாலைத் தானே கடிக்கும் வாக்கியம் வெறும் சத்தம், மெய்யும் இல்லை பொய்யும் இல்லை என்பது உன் கட்சி. இல்லை, அது பொய்தான் என்பது இரண்டு வருஷமாக என் கட்சி. ஆசான் என்னைப் பார்த்து, "துர்ஸ்டன், உன் கட்சிப்படி இந்தத் தாள் என்ன?" என்று கேட்டார். "பொய், ஐயா" என்றேன். "அப்ப நீ யாரு?" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். என் கட்சியை விட்டால் தப்பிக்கலாம், பிடித்துக்கொண்டால் திருடன்.

நான் சத்தியம் செய்த வாக்கியத்தை முதல் கடிதத்திலேயே உனக்கு எழுதியிருந்தேன். அதைத் தெரிந்துகொண்டேதான் இப்படி எழுதினாய். இது கைதவறிய வாக்கியம் இல்லை. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "நான் கட்டை அவிழ்க்கவில்லை" என்று மூன்று வார்த்தை எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஏன் எழுதவில்லை? கோபம் என்றால் நேரே திட்டு. நான் தாங்குவேன்.

துர்ஸ்டன்

*

கிரிம்ஸ்பி
பிப்ரவரி 9

துர்ஸ்டனுக்கு,

ஐவோ செய்த கணக்கு உன் கட்சியை ஏற்றால்தான் நிற்கும். அந்த வாக்கியம் எதையும் சொல்லவில்லை. எதையும் சொல்லாத வாக்கியத்திலிருந்து எதையும் பெற முடியாது. அதை ஆசானிடம் எடுத்துச் சொல். நீ ஒருமுறை என் கட்சிக்கு வந்தால் வானம் இடிந்துவிடாது.

நான் பொய் எழுதவில்லை. அதை மட்டும் நம்பு. என் கையால் ஒரு பொய்கூட எழுதவில்லை.

உனக்கு இப்படி முடியும் என்று நான் நினைக்கவில்லை. வெறும் தாள் போல உன்னைத் தாண்டிப் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

வேறு எழுத முடியவில்லை. சித்தப்பா கூப்பிடுகிறார்.

ஹாமோ

*

கொக்கு விடுதி
பிப்ரவரி 15

ஹாமோ,

"நான் பொய் எழுதவில்லை." இதை நாலு தடவை படித்தேன். ஒரு ஆள் நேராக நடக்க முடிந்த இடத்தில் இவ்வளவு பாடுபட்டு, மெய்யும் இல்லாமல் பொய்யும் இல்லாமல் நடுவே ஒரு வாக்கியத்தைக் கட்டுகிறான் என்றால், அவனுக்குப் பொய் சொல்ல மனசில்லை, மெய் சொல்லத் தைரியமில்லை. என்மேல் கோபப்பட்டவன் இப்படிச் செய்யமாட்டான். பயந்தவன்தான் செய்வான். நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று யோசித்தேன்.

ஐவோவிடம் பலகையைக் கேட்டேன். "எதுக்கு, அழிக்கவா?" என்றான். "நீயே கையில பிடிச்சுக்க, நான் பார்க்க மட்டும் செய்றேன்" என்றேன். சட்டக்காரன் அல்லவா, கேள்விகளை எழுதவில்லை. பதில்களை மட்டும் எழுதியிருக்கிறான். ஆமாம், ஆமாம், இல்லை, ஆமாம், இல்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் "தெரியாது."

"திருடனே தடுமாறின எடம் அது" என்று விரலால் காட்டினான் ஐவோ.

நான் கட்டு வாதத்தில் தடுமாறுகிறவன் இல்லை. உனக்கே தெரியும். கட்டிலிருந்து பெறப்படுவதை ஒப்புக்கொள்ள வேண்டும், கட்டோடு மோதுவதை மறுக்க வேண்டும், கட்டுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி வந்தால் உள்ளபடி உண்மையைச் சொல்ல வேண்டும். நான் "தெரியாது" என்றால் அது சம்பந்தமில்லாத கேள்வி, எனக்கு உண்மையிலேயே தெரியாது. நீ என்ன கேட்டாய் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். நேற்று பூசையில் மண்டியிட்டபோது நினைவு வந்தது.

"பெட்டியோட ரெண்டாவது பூட்டைச் சாவி இல்லாம, பக்கவாட்டுல ஒரு குத்து விட்டுத் திறக்கலாம். ஒத்துக்கிறியா?"

இதுதான் நீ கேட்டது.

பெட்டிக்கு இரண்டு பூட்டு. முதல் பூட்டின் சாவி வாரம் மாற்றி வாரம் உன்னிடமும் என்னிடமும் இருந்தது. இரண்டாவதன் சாவி ஆசானின் இடுப்பில். அந்தப் பூட்டைக் குத்திப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பூசை முடிந்து யாரும் இல்லாத நேரம் நூலக அறைக்குப் போனேன். பக்கவாட்டில் ஒரு குத்து விட்டேன். திறந்துகொண்டது.

நீ அன்று என்னோடு வாதம் ஆடவில்லை. திருடியவன் பிடிபட்டால் என்னென்ன கேட்பார்கள், எந்தப் பதில் இடறாது என்று என் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டாய். உனக்கு ஒத்திகை பார்க்க விடுதியிலேயே நல்ல ஆளாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாய், அதற்கு நன்றி.

இதை ஆசானிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் தப்பிப்பேன். இரண்டு வருஷம் ஒரே போர்வையில் குளிரைப் பங்குபோட்டவனை நான் காட்டிக்கொடுத்தேன் என்றும் இருக்கும். விபூதிப் புதனுக்கு இன்னும் பத்து நாள். அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். அன்றைக்கும் மூடிக்கொண்டுதான் இருப்பேன் என்று நினைக்கிறேன், அதனால் என்னை நம்பித் தாமதம் செய்யாதே.

எனக்கு உன்மேல் ஆத்திரம் இருக்கிறது, ஹாமோ. அதைவிடக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கடைசி ஏட்டில் என்ன எழுதியிருந்தது?

துர்ஸ்டன்

*

கிரிம்ஸ்பி
பிப்ரவரி 20

துர்ஸ்டன்,

நான்தான் எடுத்தேன்.

இதே வாக்கியத்தை ஆசானுக்கும் எழுதி, சத்தியம் செய்து, சித்தப்பாவின் முத்திரையும் போட்டு, புத்தகத்தோடு அனுப்பியிருக்கிறேன். மீன் வண்டி வேண்டாம் என்று குதிரைக்காரன் ஒருவனைப் பிடித்தேன். புதனுக்குள் வந்துவிடும். சித்தப்பாவிடம் முதலில் சொல்லவேண்டியிருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு புஸ்தகத்துக்காகவாடா?" என்றார். பள்ளிக்கூட இடம் போய்விட்டது. மீன் விற்பவள் சரியாக எண்ணிக் கொடுக்கிறாள்.

ஏன் எடுத்தேன் என்று கேட்கமாட்டாய், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். தவக்கால வாதம் உனக்கென்று ஆனதும், விடையை நீதான் முதலில் பார்ப்பாய் என்று ஆகிவிட்டது. அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு இரவு வைத்துப் படித்துவிட்டுத் திருப்பி வைக்கலாம் என்றுதான் எடுத்தேன். மறுநாள் உன்னைக் கட்டில் நிறுத்திக் கேள்வி கேட்டபோது, நீ ஒவ்வொன்றுக்கும் தலை நிமிர்ந்து பதில் சொன்னாய். என் திருட்டை என்னைவிட அழகாக நீ சுமந்துகொண்டு நின்றாய். எனக்கு வாய் வரவில்லை. மணி அடித்தது, நான் எழுந்து போய்விட்டேன். அதுதான் நான் சொல்லாமல் விட்டதற்குக் காரணம். சூழ்ச்சி இல்லை.

ஆசானுக்கு எழுதிய முதல் தாளைப் பற்றி. தெரிந்தது முழுவதையும் சத்தியத்தோடு எழுது என்றாய். பாதி எழுதினால் சத்தியம் பொய்யாகும். முழுவதும் எழுதினால் நான் திருடன். எதையும் சொல்லாத வாக்கியத்தின்மேல் செய்த சத்தியம் யாரையும் கட்டாது என்று நினைத்தேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செதுக்கினேன். நான் இதுவரை செய்ததிலேயே நேர்த்தியான வேலை அது. அது உன் கழுத்தில் போய் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசி ஏடு. அதில் ஒரே வரி: "இந்த நூலில் ஒரு பிழையாவது உண்டு."

என் வயிற்றெரிச்சலை நினைத்துப் பார். இதற்காகவா திருடினேன்? ஆனால் யோசி. நூலில் வேறு பிழையே இல்லை என்று வைத்துக்கொள். அந்த வரி மெய்யென்றால் ஒரு பிழை இருக்க வேண்டும், அந்த வரியே அந்தப் பிழையாக இருக்க வேண்டும், அப்போது அது மெய்யில்லை. பொய்யென்றால் நூலில் பிழையே இல்லை, ஆனால் அந்த வரியே பிழை. மறுபடி வால், மறுபடி வாய். கிழவர் தன் விடையையே புதிராக எழுதி வைத்துவிட்டுச் செத்திருக்கிறார்.

இங்கே வந்தது முதல் நூல் முழுவதையும் பிழை தேடிப் படித்தேன். எட்டுத் தடவை. உன் கடிதம் வந்த அன்று கிடைத்தது. முதல் ஏட்டில் "இங்கே இருபது புதிர்கள் உள்ளன" என்கிறார். எண்ணினேன். பத்தொன்பதுதான் இருக்கின்றன. அவ்வளவுதான், துர்ஸ்டன். அவர் எண்ணுவதில் தவறிவிட்டார். அந்த ஒரு சாதாரணத் தவறு இருப்பதால் கடைசி வரி எந்தச் சுற்றும் இல்லாமல் மெய்யாகிவிடுகிறது. புதிர் போய்விட்டது.

படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன். பிறகு எழுந்து சித்தப்பாவிடம் போனேன்.

நேரம் முடிந்தது. இத்தனை நாள் தாமதமாகச் சொல்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். ஆனால் மன்னித்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஹாமோ

*

கொக்கு விடுதி
பிப்ரவரி 26, விபூதிப் புதனுக்கு மறுநாள்

ஹாமோ,

நேற்று நெற்றியில் சாம்பலோடு நாங்கள் பூசையிலிருந்து திரும்பும்போது உன் குதிரைக்காரன் வாசலில் நின்றான். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் நான் மூட்டை கட்டியிருப்பேன். ஆசான் கூடத்தில் நின்றபடியே உன் கடிதத்தைப் படித்தார். "நான்தான் எடுத்தேன்" என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். நான் ஐவோவைப் பார்த்தேன். அவன் பலகையைத் தணல் பக்கம் காட்டி, மெழுகைக் கட்டைவிரலால் வழவழவென்று தேய்த்துக்கொண்டிருந்தான். "உன் கணக்குல தப்பே இல்லப்பா" என்றேன். "அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றான். அவன் தேறிவிடுவான்.

நீ எனக்கு எழுதிய எண்ணிக்கையை நான் சொன்னதும், ஆசான் முதல் ஏட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் புதிர்களை எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார். "முப்பது வருஷமா இதைப் பூட்டி வெச்சிருக்கோம். ஒருத்தனாவது எண்ணிப் பார்த்தோமா?" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உனக்குத் தண்டனை என்ன தெரியுமா? தவக்காலம் முடியும் வரை இந்தக் கூடத்தில், எல்லோர் கண் முன்னாலும் உட்கார்ந்து, நூலை இரண்டு பிரதி எடுக்க வேண்டும். பிழையைத் திருத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். திருத்தினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

பிறகு என் பக்கம் திரும்பி, "எல்லாம் முடிஞ்சிடுச்சு, போய்ச் சாப்பிடு" என்றார். நான் போகவில்லை.

"இன்னும் முடியல, ஐயா. எதிர்வாதி வாயால சொல்லணும். எழுதி அனுப்பினா கணக்கு கெடையாது."

"அப்ப நீ இன்னும் திருடனாடா?"

"ஆமாங்க ஐயா."

கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஹாமோ. இன்னும் மூன்று வாரத்தில் என் வாதம் தொடங்குகிறது. எதிரே யாரை நிறுத்துவது என்று ஆசான் கேட்டார். ஆள் வரும் வழியில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். அது இன்னும் மெய்யில்லை, நீதான் மெய்யாக்க வேண்டும்.

மன்னிப்பெல்லாம் நேரில். என் போர்வை ஒரு பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. கிளம்பி வந்து, வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி அந்த இரண்டு வார்த்தையைச் சொல். அதுவரை கஞ்சி மேசையில் யார் கேட்டாலும், அந்தப் புத்தகத்தை நான்தான் எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

துர்ஸ்டன்